மகளைப் பார்க்க நீஸ் போகிறோம்: அறையை எப்படிப் பிடிப்பது?

மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மூத்த மகள் பிரான்ஸின் நீஸ் நகரில் முதுகலை படிக்கிறார். போய் ஒன்றரை வருடமாகிறது, நடுவில் ஊருக்கு வரவில்லை. வருகிற கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, 11 வயதுத் தம்பி, 69 வயதுப் பாட்டி நால்வரும் போய், ஒன்பது இரவு தங்கி, அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். மே 14 முதல் என்று தேதி குறித்திருக்கிறார்கள். தங்குவதற்கு ஒதுக்கியிருப்பது ஒரு லட்சம் ரூபாய், சுமாராக ஆயிரம் யூரோ. பாட்டிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சுத்த சைவம்.

அவர் நான்கு வழி யோசித்திருக்கிறார். ஒன்று, மகளின் 18 சதுர மீட்டர் மாணவர் அறையிலேயே எல்லோரும் படுத்துக்கொள்வது. விசாவுக்கு மட்டும் ஏஜென்ட் ஒருவர் ‘டம்மி புக்கிங்’ போட்டுத் தருகிறாராம். இரண்டு, ரயில் நிலையத்துக்கு அருகில் 62 யூரோவுக்கு ஒரு டபுள் ரூம் எடுத்து நால்வரும் சமாளிப்பது. ரத்து செய்தால் பணம் திரும்பாத கட்டணம் அது. ஆனால் “ஐரோப்பாவில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று மகளின் தோழி சொன்னாள், அதனால் பயமில்லை” என்கிறார். மூன்று, சமூக ஊடகக் குழு ஒன்றில் பார்த்த, கடலை ஒட்டிய அபார்ட்மென்ட். அதன் சொந்தக்காரர் பாதிப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் அனுப்பச் சொல்கிறார். நான்கு, எல்லை தாண்டி இத்தாலியின் வென்டிமிலியாவில் மலிவாகத் தங்கி, தினமும் ரயிலில் நீஸ் வருவது. “எது சரி, எதில் ஏமாறுவோம்?” என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “அம்மா பேத்திக்கு மாம்பழம் எடுத்துப் போகவேண்டும் என்கிறார். விடுவார்களா?”

அன்புள்ள ஐயா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு வழிகளையும் ‘இரவுக்கு எவ்வளவு’ என்ற ஒரே கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆசிரியர் சம்பளத்தில் நால்வரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகிறவர் அப்படித்தான் பார்ப்பார், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பயணத்தில் எல்லாமே அந்த அறையைப் பிடித்துத்தான் தொங்குகிறது. விசா, உங்கள் அம்மாவின் முழங்கால், மூன்று வேளைச் சாப்பாடு, மகளோடு உட்கார்ந்து பேசுகிற நேரம், எல்லாம்.

இருபது வருடமாகக் குடும்பங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிற தொழிலில் இருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் போதவில்லை என்றால் அறையைச் சுருக்காதீர்கள், இரவுகளைச் சுருக்குங்கள். ஆயிரம் யூரோவை ஒன்பதால் வகுத்தால் இரவுக்கு 111 வருகிறது. ஏழால் வகுத்தால் சுமார் 143. அந்த முப்பது யூரோ வித்தியாசத்தில்தான் நால்வருக்கும் முறையாக இடமுள்ள, லிஃப்ட் உள்ள, ஒரு சின்ன அடுப்பாவது உள்ள இடம் உங்கள் கைக்கு எட்டும்.

அறைக்கு முன்னால் தேதியைப் பார்க்கவேண்டும். நீஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல் போனால் கான் நகரம் வந்துவிடும். அங்கே மே நடுவில் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் திரைப்பட விழா நடக்கும். கானில் அறை கிடைக்காதவர்கள் நீஸ் வரைக்கும் வந்து பிடிப்பார்கள். நீங்கள் குறித்திருக்கும் மே 14 முதலான இரவுகள் பெரும்பாலும் அதற்குள்தான் விழுகின்றன. மொனாக்கோ கார் பந்தயம் பல வருடங்களாக மே கடைசியில் நடந்துவந்தது, 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாறிவிட்டது. அந்த நாட்களிலும் இந்தக் கரை முழுக்க விலை ஏறும். ஆகவே தேர்வு வேலைகள் முடிந்து பள்ளி விட்டதும் ஏப்ரல் கடைசியில் கிளம்பி, மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அதே அறையை இரண்டு தேதிக்கும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மே 1 மட்டும் கவனம். அன்று பிரான்ஸில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், பேருந்தும் டிராமும் மிகவும் குறையும். முந்தின நாளே ரொட்டி, பால், காய்கறி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதியில் இன்னொரு லாபமும் உண்டு. அப்போது நீஸில் ஏ.சி. தேவைப்படாது. ஏ.சி. இல்லாத அறை விலை குறைவு. ஜூலை, ஆகஸ்ட் என்றால் வயதானவரை வைத்துக்கொண்டு அப்படி எடுக்கச் சொல்லமாட்டேன். ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்கு மாலையில் ஸ்வெட்டர்தான் வேண்டியிருக்கும்.

மகளின் அறையும் டம்மி புக்கிங்கும்

இந்த வழியை முதலில் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சு விசாவுக்கு எங்கே தங்கப்போகிறீர்கள் என்று காட்ட இரண்டு முறையான வழிகள் உண்டு. ஹோட்டல் முன்பதிவு ஒன்று. மற்றது, உங்களைத் தன் வீட்டில் தங்கவைக்கிறவர் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் வாங்கித் தருகிற வரவேற்புச் சான்றிதழ். ‘அத்தெஸ்தாசியோன் தாக்கய்’ என்பார்கள், மகளுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு 30 யூரோ முத்திரைத் தீர்வை. கொடுப்பதற்கு முன் வீட்டின் அளவையும் வசதியையும் நகராட்சி பார்க்கலாம். ஒருவர் படுக்க மட்டுமே இடமுள்ள மாணவர் அறைக்கு, இன்னும் நான்கு பேரைத் தங்கவைக்கிறேன் என்று சான்று கிடைக்காது. விடுதி நிர்வாகத்துக்குத் தெரிந்தால் மகளின் அறைக்கே சிக்கல் வரும். படிப்பின் கடைசிக் கட்டத்தில் அவருக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

டம்மி புக்கிங்கை எல்லோரும் செய்கிறார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விசா அதிகாரி ஹோட்டலைக் கூப்பிட்டுக் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வரும். விசா மறுப்புப் படிவத்தில் ‘பயண நோக்கத்துக்கும் தங்கும் ஏற்பாட்டுக்கும் தந்த தகவல் நம்பும்படி இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் விழும். நால்வருக்கும் கட்டிய பணம் போய்விடும். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் இந்த மறுப்பு நிழல்போல் கூடவே வரும். விசா கிடைத்துவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. நீஸ் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டு முன்பதிவைக் காட்டச் சொல்லலாம். அந்த இடத்தில் அம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு தடுமாறக்கூடாது.

உண்மையான முன்பதிவுக்குப் பணம் முடங்குமே என்று நினைக்கிறீர்கள். தேவையில்லை. வருவதற்குச் சில நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணம் பெரும்பாலான ஹோட்டல்களில் உண்டு. சற்றுக் கூடுதல்தான், ஆனால் விசா வரும்வரை நிம்மதியாக இருக்கலாம். நீங்கள் மனதார தங்கப்போகும் அறையையே அப்படிப் பிடியுங்கள்.

ஹோட்டல் முன்பதிவு இருப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. செலவுக்குக் கையில் பணம் இருப்பதைக் காட்டவேண்டுமே, அந்தத் தொகையை பிரான்ஸ் இப்படி நிர்ணயித்திருக்கிறது: ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. உங்கள் நால்வருக்கும் ஒரு நாளைக்கு 260 போதும் என்பது முன்பதிவு இல்லாமல் போனால் 480 ஆகிவிடும். எட்டு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், வங்கிக் கணக்கில் காட்டவேண்டிய தொகை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் நிரம்பிவிடும், ஜனவரியிலேயே பார்க்கத் தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பத்திரத்தில் அந்தப் பகுதியை நீங்களே வாசியுங்கள்.

14 நாள் விதி ஹோட்டலுக்குப் பொருந்தாது

மகளின் தோழி சொன்னது பாதி உண்மை. ஆன்லைனில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பித்தரும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அது கிடையாது என்று அதே சட்டம் விதிவிலக்கு வைத்திருக்கிறது. விமான டிக்கெட்டுக்கும் அப்படித்தான். 62 யூரோ அறையை இன்று பதிந்து நாளை ரத்து செய்தாலும் பணம் வராது. விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத கட்டணத்தின் பக்கமே போகாதீர்கள்.

ஹோட்டலோடு நேரடியாகப் பேசி முன்பணம் கட்டுவதாக இருந்தால், பிரெஞ்சுச் சட்டத்தில் உங்களுக்கு உதவுகிற ஒரு வேறுபாடு உண்டு. அங்கே முன்பணத்துக்கு இரண்டு சொற்கள். ‘ஆர்’ என்றால், நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் மட்டும் போகும், ஹோட்டல் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். ‘அகோந்த்’ என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று, நீங்கள் விலகினாலும் முழுத் தொகையைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நுகர்வோரிடம் வாங்கிய முன்பணம் எது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது ‘ஆர்’ என்றே கொள்ளப்படும். பணம் அனுப்புவதற்கு முன், ஹோட்டல் தந்த தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சமூக ஊடக அபார்ட்மென்ட் விஷயத்தில் நான் யோசிக்கவே மாட்டேன், வேண்டாம். முன்பின் தெரியாதவருடைய வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம், அதுவும் வெளிநாட்டுக்கு, அதுவும் பாதித் தொகை. போனால் திரும்பக் கேட்க ஆள் இருக்காது. நீஸில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் நகராட்சியில் பதிவு செய்து எண் வாங்கவேண்டும், அந்த எண்ணை விளம்பரத்தில் போடவும் வேண்டும். அவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், மகள் நேரில் வந்து வீட்டைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் சரியான பதில் வந்து, பணத்தையும் பெயருள்ள முன்பதிவுத் தளம் வழியாகவே வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் அப்போது யோசிக்கலாம். வராவிட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

நால்வருக்கு ஒரு டபுள் ரூம்

நம் ஊரில் ஒரு அறை எடுத்து, எக்ஸ்ட்ரா பெட் வாங்கி, இன்னும் இரண்டு பேர் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குப் போனால் பத்துப் பேர்கூடப் படுப்போம். பிரான்ஸில் அது நடக்காது. தீப் பாதுகாப்பு விதிப்படி ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும், வரவேற்பில் பாஸ்போர்ட்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள். 11 வயதுப் பையனும் ஓர் ஆள்தான். இருவருக்குப் பதிந்துவிட்டு நால்வராகப் போய் நின்றால் இன்னொரு அறையை அன்றைய விலைக்கு எடுக்கச் சொல்வார்கள். அறை இல்லையென்றால் பெட்டிகளோடு தெருவில் நிற்கவேண்டியதுதான்.

உங்களுக்கு நான் சொல்கிற ஏற்பாடு ‘அப்பார்ட் ஹோட்டல்’. ஹோட்டல்போல வரவேற்பும் முறையான ரசீதும் இருக்கும். அறைக்குள் இரண்டு அடுப்பு, ஒரு சிறு ஃபிரிட்ஜ், பாத்திரம், சாப்பாட்டு மேசை இருக்கும். நால்வருக்கென்றே உள்ள அறைகளில் உள்ளே ஓர் இரட்டைக் கட்டில், வெளியறையில் விரித்தால் படுக்கையாகும் சோஃபா. அம்மாவுக்குக் கட்டில், சோஃபா உங்களுக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சோஃபாப் படுக்கை தாழ்வாக இருக்கும், அதிலிருந்து எழுவது முழங்கால் வலிக்காரருக்கு வேதனை. அப்படி அமையாவிட்டால் ‘ஃபமிலியால்’ என்று போட்டிருக்கும் குடும்ப அறையைத் தேடுங்கள். சாதாரண ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைக்க விடமாட்டார்கள், ஆவிக்கே தீயணைப்பு மணி அடித்துவிடக்கூடும்.

ஹோட்டல் பட்டியலில் பார்க்கும் நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் நட்சத்திரம் ஹோட்டல் தானாக விண்ணப்பித்து வாங்குவது, ஐந்து வருடத்துக்குச் செல்லும். அறை அளவு, வசதிகள் என்று ஒரு பட்டியலை வைத்து மதிப்பிடுவார்கள். இரண்டு நட்சத்திரம் என்பதற்காக அழுக்கு என்று அர்த்தமில்லை. குடும்பமே நடத்துகிற இரண்டு நட்சத்திர ஹோட்டல்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நட்சத்திரத்தைப் பொறுத்து ‘தாக்ஸ் தெ செழூர்’ என்ற தங்கல் வரி மாறும். ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிடுவார்கள். இணையத்தில் பார்க்கிற விலையில் பல நேரம் இது சேர்ந்திருக்காது, போய் இறங்கியதும் கேட்பார்கள். 18 வயதுக்குக் கீழே வரி இல்லை, ஆக உங்களுக்கு மூன்று பேருக்கு மட்டும். காலை உணவும் பெரும்பாலும் தனிக் கணக்கு. அதை எடுக்கவேண்டாம், தெருமுனை ரொட்டிக் கடையில் அதில் பாதிக்கும் குறைவாக முடிந்துவிடும்.

எந்தப் பகுதி, எந்தக் கட்டடம்

பழைய நீஸ் என்கிற பகுதி புகைப்படத்தில் மனதை இழுக்கும். குறுகலான சந்துகள், மஞ்சளும் காவியுமாக உயர்ந்த வீடுகள். பார்க்கப் போங்கள், தங்கவேண்டாம். பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, வண்டி உள்ளே வராது, கீழே உள்ள மதுக்கூடங்களின் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்தால் அந்தச் சத்தத்தோடுதான் படுக்கவேண்டும்.

நீங்கள் தேடவேண்டியது ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற தெருக்கள். ஒரு பகுதிக்கு ‘இசைக் கலைஞர்கள் குடியிருப்பு’ என்றே பெயர், தெருக்களுக்கெல்லாம் இசைமேதைகளின் பெயர் வைத்திருப்பார்கள். தரை பெரும்பாலும் சமம். ழான் மெத்சான் அவென்யூவில் டிராம் ஓடுகிறது. விமான நிலையத்திலிருந்து வரும் இரண்டாம் எண் டிராமும் அந்தப் பக்கம் நின்றுதான் துறைமுகத்துக்குப் போகும். இறங்கியதும் டாக்சிக்குக் கொடுக்கிற பணம் மிச்சம். டிராமில் ஏறப் படியும் இல்லை, தரைமட்டம்தான், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. நிலையத்தை ஒட்டிய தெருக்கள் இரவில் கொஞ்சம் கலகலப்பும் கூட்டமுமாக இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பையில் மட்டும் கவனம். இரண்டு தெரு தெற்கே தள்ளி எடுத்தால் அமைதியாக இருக்கும்.

லிஃப்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியிலேயே ஒரு சிறு ஹோட்டலில் தங்கினேன். ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருந்தார்கள், இருந்தது. ஆனால் தெருக் கதவைத் திறந்ததும் ஏழு பளிங்குப் படிகள். அதற்கு மேல்தான் வரவேற்பு மேசை, அதற்குப் பின்னால் லிஃப்ட். லிஃப்ட் நம் வீட்டு பீரோ அகலம்தான். நான் உள்ளே நின்றால் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்திவிட்டு, படியேறிப் போய் மேலே எடுத்துக்கொண்டேன். குளியலறையில் ஆழமான தொட்டி, அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் குளிக்க முடியும். எனக்குச் சரி. அதே வாரம் என் மூலம் வந்திருந்த ஒரு குடும்பத்தின் பாட்டி, அந்தத் தொட்டிக்குள் இறங்கப் பயந்து நான்கு நாளும் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டு வைக்காததால் வந்த வினை. அன்றிலிருந்து வயதானவர் யார் வந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நான் அறை போடுவதில்லை.

மகளை ஹோட்டலுக்கு பிரெஞ்சில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரை படி இருக்கிறதா, எத்தனை? லிஃப்டில் ஒருவரும் ஒரு பெட்டியும் நிற்கலாமா? குளியலறையில் தொட்டியா, தரைமட்ட ஷவரா? ஜன்னல் தெருப் பக்கமா, உள்முற்றத்துப் பக்கமா? இரவு வரவேற்பில் ஆள் இருப்பாரா, இல்லை கதவுக்கு ரகசிய எண் தருவார்களா? உங்கள் விமானம் தாமதமானால் இந்தக் கடைசிக் கேள்விதான் காப்பாற்றும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரைமட்ட ஷவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு அறை காட்டினால், மாற்றித் தரச்சொல்லிக் கேட்க அது கையில் இருக்கும். மகள் உள்ளூரிலேயே இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். ஒரு மாலை நேரம் நேரில் போய் அறையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. ஒரு பிளாஸ்டிக் குவளையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது.

வென்டிமிலியா யோசனை

அறை விலை அங்கே குறைவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் வாங்கப்போவது பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, அதை அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்கவேண்டும். எல்லா இரவும் இத்தாலியில் என்றால் ‘உங்கள் முதன்மை நாடு எது’ என்ற கேள்வி எழும், பிரெஞ்சு விசா கேட்பது பொருந்தாமல் போகும். நீஸுக்கு ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இத்தாலியிலிருந்து வரும் ரயில்களை எல்லையில் மெந்தோன் அருகே பிரெஞ்சுப் போலீஸ் அடிக்கடி சோதிக்கும், நால்வரின் பாஸ்போர்ட்டும் தினமும் கையில் இருக்கவேண்டும். ஏழு நாளில் தினமும் இரண்டு மணி நேரம் ரயிலிலும் நடைமேடைப் படிகளிலும் போய்விட்டால் மகளோடு இருக்க என்ன மிச்சம்? ஒரு நாள் சுற்றிப்பார்க்க வேண்டுமானால் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தை அங்கே பெரிதாகக் கூடும்.

பணம் கட்டுவதில் இரண்டு விஷயம். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதி தானாக இருக்காது, கிளம்பும் முன் வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிடவேண்டும். அப்புறம், ஹோட்டலில் இயந்திரம் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றுவார்கள், நஷ்டம் உங்களுக்கு.

அம்மாவின் சாப்பாட்டுக்கு நீஸில் ஒரு நல்ல செய்தி உண்டு. ‘சோக்கா’ என்று அந்த ஊருக்கே உரிய பண்டம், கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய தட்டில் விறகடுப்பில் வேகவைத்து, ஓரம் கருகக் கருகச் சுரண்டி எடுத்து மேலே மிளகுத் தூள் போட்டுத் தருவார்கள். கடலைமாவு தோசை சாப்பிட்டவருக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். பக்கத்திலேயே வெங்காயம் பரப்பிய ‘பிசலதியேர்’ சைவம்போல இருக்கும், அதில் நெத்திலி மீன் உண்டு, அம்மாவுக்கு வேண்டாம். காய்கறிக்குக் கூர் சலேயா சந்தை. திங்கள் தவிர மற்ற நாட்களில் காலையில் கூடும், திங்களன்று பழம்பொருள் சந்தை. ரத்தத்தில் சர்க்கரை இருந்தால் அரிசி தேடி அலையாமல், அடுப்புள்ள அறையில் காய்கறியும் பருப்புமாகச் சமைத்துக்கொள்ளலாம். நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, உருண்டைக் கூழாங்கல்தான், அதில் அம்மா நடக்கவேண்டாம். மேலே ‘ப்ரோமனாத் தெஸாங்லே’ நடைபாதையில் நீல நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும், யாரும் காசு கேட்கமாட்டார்கள். அவரை அதில் உட்காரவைத்தால் கடல் முழுதும் கண்ணெதிரே. மணலில் விளையாட பையன் அடம்பிடித்தால் ரயிலில் ஜுவான்-லெ-பான் போய்வாருங்கள்.

மாம்பழத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புதிய பழம், காய், இலை எதுவானாலும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் அதில் இல்லை. பால் பொருட்களும் இறைச்சியும் கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி, வற்றல், எண்ணெயில் போட்ட ஊறுகாய் தடையில்லை. ஊறுகாயை நன்றாக மூடி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். நீங்கள் கிளம்பும் நேரம் மாவடு பருவம் முடிந்திருக்கும். அம்மாவிடம் சொல்லி பங்குனியிலேயே ஒரு சின்ன ஜாடி போட்டு வைக்கச் சொல்லுங்கள், அதற்குள் ஊறிவிடும்.